காலை ஐந்து மணிக்குக் காணாமல் போகும் உத்வேகம்

கேள்வி: எனக்கு வயது 36. அலுவலகம், வீடு, இரண்டு பிள்ளைகள் என்று நாள் ஓடுகிறது. இரவு பன்னிரண்டு வரை ஊக்கமூட்டும் பேச்சுகளைக் கேட்பேன். எதையும் சாதித்துவிடலாம் என்று தோன்றும். காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறேன். ஐந்து மணிக்கு எழுவது, ஓடுவது, புது மொழி கற்பது, வாரம் ஒரு புத்தகம், தினமும் நாட்குறிப்பு என ஐந்து தீர்மானங்கள் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள்; எனக்கு எதுவும் பத்து நாளைத் தாண்டவில்லை. உத்வேகத்தை விடாமல் தக்கவைப்பது எப்படி? நல்ல பேச்சு ஒன்றையும் பரிந்துரையுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நான்கு பக்கக் கடிதம். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரம் விட்டு, முக்கியமான இடங்களில் அடிக்கோடும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இடம் கருதிச் சுருக்கிவிட்டேன், மன்னிக்கவும். உத்வேகமே இல்லாத மனிதர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார். உங்களிடம் சரக்கு இருக்கிறது. அது ராத்திரியே செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

பேச்சைக் கேட்கிறீர்கள், உடம்பு சிலிர்க்கிறது. உடனே நோட்டை எடுத்து அட்டவணை போடுகிறீர்கள், வண்ணப் பேனாவில். அந்த அரை மணி நேரத்தில் மனசு ஓடி முடித்து, மொழியையும் கற்று, பாராட்டும் வாங்கிவிட்டது. விடிந்ததும் எழுந்து ஓட அதற்கு என்ன அவசரம்? காப்ரியேல் ஏட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார். 2011இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் வெளியிட்ட ஆய்வில், இலக்கை எட்டிவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு அதற்காக உழைக்கும் முனைப்பு குறைந்துபோனது தெரிந்தது.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 2002இல் பிரிட்டனில் வெளியான இன்னொரு ஆய்வு. 248 கல்லூரி மாணவர்கள். வரும் வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் நன்றாக வியர்க்கும்படி உடற்பயிற்சி செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஒரு குழுவை அதன் போக்கில் விட்டார்கள். 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று எடுத்துச் சொல்லும் வாசகங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களுக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் கூடியது. செய்தவர்கள் 35 சதவீதம். ஆமாம், ஊக்கமூட்டிய பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது குழுவுக்கும் அதே வாசகங்கள்தான். கூடவே, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். செய்தவர்கள் 91 சதவீதம்! ஒரு வாரக் கணக்குதான், மாணவர்களே சொன்ன கணக்கும்கூட. அப்படியே வைத்துக்கொண்டாலும் 35க்கும் 91க்கும் உள்ள தூரம் கொஞ்சமில்லை. நீங்கள் இத்தனை காலமும் இரண்டாவது குழுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உங்கள் காலைப் பொழுதை நீங்களே விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அலாரம் அடிக்கிறது. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று இருட்டிலேயே தடவுகிறீர்கள். ஷூ அலமாரியின் மேல்தட்டில், பெட்டிக்குள். ஒரு சாக்ஸ் கிடைக்கிறது, ஜோடி கிடைக்கவில்லை. தேடும்போது கையில் அகப்படுவது செல்போன். ‘நேரம் பார்க்கலாம்’ என்று திறக்கிறீர்கள்; நிமிரும்போது ஐந்தே முக்கால். அப்புறம் நாள் பூராவும் ‘என்னிடம் மன உறுதி இல்லை’ என்ற புலம்பல். ஐயா, உங்களிடம் இல்லாதது ஒரு சாக்ஸ்! ஷூவையும் இரண்டு சாக்ஸையும் ராத்திரியே வாசற்கதவுப் பக்கம் வைத்துவிட்டு, செல்போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால், அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படும் மன உறுதி பாதியாகக் குறைந்துவிடும்.

அந்த நேரமே தப்பு என்பது வேறு விஷயம். பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. உங்கள் உடம்பு அலாரத்தை அணைப்பது சோம்பேறித்தனத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து மணிக்குப் படுக்க முடியாதென்றால் ஐந்து மணி எழுச்சியைக் கைவிடுங்கள். மாலையில் ஓடினாலும் கால்கள் அதே கால்கள்தான்.

இப்போது அந்த ஐந்து தீர்மானங்கள். இவை யாருடைய தீர்மானங்கள்? எழுதியவர் நீங்கள். ஆனால் ஊரில் உள்ள எல்லா ஊக்கமூட்டும் பேச்சாளர்களும் சொல்கிற பட்டியல் இதுதான், வரிசைகூட மாறவில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். இதில் எதைச் செய்தாலும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது, ஸ்டேட்டஸில் போடக்கூடாது, வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் எதைச் செய்வீர்கள்? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடிதத்தில் மொழியைப் பற்றி மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அடிக்கோடு இல்லாமல். மற்ற நான்குக்கும் ஆளுக்கு இரண்டு வரி, அடிக்கோட்டோடு.

சரி, என் ஊகம் சரியென்றே வைத்துக்கொள்வோம். மற்ற நான்கையும் அடித்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம், அடித்தே விடுங்கள். தள்ளிப்போட்டால் அவை ஓரத்தில் நின்று உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும். மொழிக்கு, இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் அதே மேசையில் பத்து நிமிடம். புத்தகம் மேசையிலேயே கிடக்கட்டும். மனசே இல்லாத நாளில் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அதுவும் கணக்கில் சேர்த்திதான். உட்கார்ந்த பிறகு பெரும்பாலும் இன்னொரு வாக்கியம் படிப்பீர்கள். நீங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிவரை தேடுகிற உத்வேகம் அந்த இரண்டாவது வாக்கியத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். வராத நாளும் உண்டு. அன்றைக்கு ஒரு வாக்கியம் மிச்சம்.

21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், அறுவை முடிந்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். காலப்போக்கில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய், முகமும் உதிர்ந்துபோய், எண் மட்டும் மேடை ஏறிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். நடுவாந்திர அளவு 66 நாள். அதாவது, பத்தாம் நாள் நீங்கள் கைவிட்டபோது ஆட்டம் தொடங்கவே இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. தவறிய மறுநாள் ‘எல்லாம் போச்சு, அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்’ என்கிறீர்களே, அதுதான் கெடுக்கிறது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு பிடித்த விஷயங்கள்கூட இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரமாக இதே நிலை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் வெளியிலிருந்து பார்க்கச் சோம்பல் போலவே இருக்கும். அவற்றைப் பேச்சு கேட்டுக் குணப்படுத்த முடியாது. உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை; இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

நல்ல பேச்சு ஒன்றைப் பரிந்துரைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மாட்டேன்.