அப்பிச்சியின் புல்லட்: வால்வைத் தேய்க்கும் முன் கைடைப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதிய வாசகர், தம் அப்பிச்சி ஓட்டிய 1972-ஆம் ஆண்டு புல்லட் 350 பல ஆண்டுகளாகத் தோட்டத்துச் சாளையில் நின்றுவிட்டதாகவும், இப்போது கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் தாங்காமல் கால் இறங்கிவிடுவதாகவும் சொல்லி, வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மிதித்துப் பாருங்கள். கம்ப்ரஷன் கூடினால் குறை பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது; கூடாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நின்றபோது ஒரு வால்வு திறந்தே இருந்திருந்தால், அது மூடும்போது அமரும் வளையமான சீட்டில் ஈரம் படிந்து துருக்குழி விழுந்திருக்கும். அதைத் தேய்த்தே சரிசெய்ய முயன்றால் வால்வின் முகத்தில்தான் பள்ளம் விழும். தேய்ப்பது கடைசி வேலை.

வேலை, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடிலிருந்து தொடங்க வேண்டும். சீட்டை வெட்டும் கட்டரை நேராகப் பிடிக்கும் நடுத்தண்டான பைலட் கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு தேய்ந்திருந்தால் சீட்டும் கோணலாகவே வெட்டப்படும். வால்வைச் சற்றுத் தூக்கிப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் கைடை மாற்றிவிட்டே சீட்டைத் தொடுங்கள். இந்த வரிசையை மாற்றியதால் மறுபடி திறக்க நேர்ந்த ஹெட்டுகளை (சிலிண்டரின் மேல்மூடிகளை) பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பிறகு சீட்டை 45 பாகையில் வெட்டி, மேலும் கீழும் 30, 60 பாகைக் கட்டர்களால் அகலத்தைச் சுமார் 1.5 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகவே ஹெட்டுக்கு இறங்குவதால் அதைச் சற்று அகலமாக விடலாம். மிக அகலமானால் கரி சிக்கிக் கசியும். அலுமினிய ஹெட்டில் பதித்த சீட் வளையம் தளர்ந்திருந்தாலோ ஆழமாக இறங்கியிருந்தாலோ புதிது போட்டாக வேண்டும். அதற்கு ஹெட்டை அடுப்பில் சீராகச் சூடாக்கும் கோவைப் பட்டறையைத் தேடுங்கள். ஒரே இடத்தில் கேஸ் சுடர் காட்டினால் ஹெட் கோணிவிடும். சீட் ஆழமாகும் அளவுக்கு வால்வின் தண்டு மேலே எழுந்து ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும் என்பதால் ஸ்பிரிங்கின் அடியில் ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகடு வைக்க வேண்டியிருக்கலாம். வால்வின் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால், தயங்காமல் புதிது வாங்குங்கள்.

இதன்பின் மென்பேஸ்டில் சிறிது நேரம் தேய்த்தால் போதும். வால்விலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல்நிற வளையம் தெரிய வேண்டும். பேஸ்டைத் துளியும் விடாமல் கழுவி, ஸ்பிரிங் மாட்டி, வால்வுக்குப் பின்னுள்ள போர்ட் என்னும் வழிக்குள் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் கசிவைக் கவனியுங்கள். ஹெட்டை ஏற்றியபின், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் மேலே வந்து இரு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் மேல்முனையில், வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டான புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதையே மீண்டும் பாருங்கள். புதிதாக வெட்டிய சீட் சற்று அமர்ந்து, புஷ் ராடு தடையின்றிச் சுழல இருந்த இடைவெளி குறைந்திருக்கும்.