வாசகர் கேள்வி: ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுவோருக்கு

சரிவில் நிறுத்திய காரை மறுபடி எடுக்கும்போது கியர் லீவர் 'பி'யிலிருந்து (பார்க்கிங்) லேசில் வருவதில்லை. இழுத்தால் 'டங்'கென்று சத்தம். கியர்பாக்ஸ் பழுதா?

பெரும்பாலும் பழுது இருக்காது, நிறுத்தும் வரிசைதான் தவறு. 'பி' போட்டதும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. உடனே பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி கொஞ்சம் உருண்டு, மொத்த எடையும் அந்தக் கொக்கியில் இறங்கிவிடும். இறுகிய கொக்கி விடுபடும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. தினமும் இப்படியே செய்தால் கொக்கியும் பல்லும் தேயும்.

கால் பிரேக்கை மிதித்தபடியே 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றி, ஹேண்ட் பிரேக்கை முழுதாகப் போடுங்கள். காலை மெல்லத் தளர்த்தி, வண்டி ஹேண்ட் பிரேக்கின் பிடியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மறுபடி மிதித்து 'பி' போட்டு, இன்ஜினை அணையுங்கள். எடுக்கும்போது கால் பிரேக், ஸ்டார்ட், 'டி' (டிரைவ்). ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் விடுங்கள். வண்டி முழுதாக நிற்கும் முன் 'பி'யைத் தொடவே வேண்டாம். ஓடும் பல்லில் மோதிக் கொக்கி உடையக்கூடும். 'ஆர்' (ரிவர்ஸ்), 'டி' மாற்றும்போதும் முழுதாக நின்ற பிறகே மாற்றுங்கள்.

சிக்னலில் ஒவ்வொரு முறையும் 'என்'னுக்கு மாற்ற வேண்டுமா?

ஒரு நிமிடத்துக்குள் கிளம்புவதானால் 'டி'யிலேயே பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். நெடுநேரம் என்றால் 'என்', ஹேண்ட் பிரேக்.

கிளட்சைத் தானாகவே இயக்கும் ஏ.எம்.டி., டி.சி.டி. வகை கியர்பாக்ஸ் வண்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து வைப்பது பலரின் பழக்கம். அப்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையில் வழுக்கிக்கொண்டே சூடாகிறது. கருகல் வாடை வந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தாலும் இதே கதைதான். பிரேக்கில் நின்று, முன்னே ஒரு கார் நீளம் இடம் விட்டதும் ஒரேயடியாக நகருங்கள்.

இறக்கத்தில் 'என்'னில் விட்டால் எரிபொருள் மிச்சமாகுமா?

ஆகாது. 'டி'யில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். 'என்'னிலோ ஐட்லிங்கில் ஓடவும் எரிபொருள் வேண்டும். அதைவிட ஆபத்து, இன்ஜினின் இழுபிடி போய் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுவது. சூடேறிய பிரேக் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் 'எல்' (லோ கியர்) அல்லது மேனுவல் முறையில் கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.