பச்சையாக இருந்தால் காய், சிவந்தால் பழமா?

கேள்வி: நண்பர் ஒருவர் தன் தோட்டத்தில் விளைந்த பிளாக் சப்போட்டாவும், செதில் மூடிய சோளக்கதிர் போன்ற மான்ஸ்டெரா பழமும் கொடுத்தார். நாள் கணக்கில் வைத்திருந்தும் இரண்டும் பச்சையாகவே இருந்ததால் வெட்டிவிட்டேன். ஒன்று வாயைக் கட்டியது, இன்னொன்று தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அடுத்து ஆக்கி பழமும் தருவதாகச் சொல்கிறார். பழுத்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனதே, பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில் ஆக்கியைப் பேசிவிடலாம், ஏனென்றால் மற்றவை வாயைத்தான் படுத்தும், இது ஆளையே கொல்லும். மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றி ஜமைக்காவின் தேசியப் பழமாகிவிட்ட இது, வெடிப்பதற்கு முன்பே நன்றாகச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பறித்தால் ஆபத்து. வெடிக்காத பழத்தில் ஹைப்போகிளைசின் ஏ என்ற நச்சு மிகுதியாக இருக்கிறது, அது உடலில் கொழுப்பு எரிவதைத் தடுத்து ரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும்: வாந்தி, வலிப்பு, உயிர்ப்பலி வரை போகும். மரத்திலேயே தானாக வாய் பிளந்து, பளபளக்கும் கறுப்பு விதைகளும் வெளிர்மஞ்சள் சதையும் தெரிந்த பிறகுதான் பறிக்க வேண்டும். கையால் பிளந்தது கணக்கில் சேராது. அப்போதும் மஞ்சள் சதை மட்டும்தான் உணவு. விதையும் சிவந்த நாரும் எப்போதும் நஞ்சு, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். உங்கள் நண்பர் இதையெல்லாம் பழகியவர் இல்லையென்றால், நாசூக்காக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நிறம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? காட்டுப் பழங்களின் நிறம் நமக்காக ஏற்பட்டதில்லை. பறவைகளை அழைக்கும் பழங்கள் பெரும்பாலும் சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும். இரவில் வரும் வௌவாலுக்கு நிறம் எதற்கு, அதற்கு வாசனை போதும், அதனால் அத்தகைய பல பழங்கள் கனிந்தும் பச்சையாகவோ மங்கிய பழுப்பாகவோ இருந்துவிடும். தட்பவெப்பமும் ஒரு காரணம்தான்: ஆரஞ்சுகூட, இரவு குளிராத வெப்ப நிலங்களில் உள்ளே இனித்தும் வெளியே பச்சையாகவே நிற்கும்.

பிளாக் சப்போட்டா பெயரில்தான் சப்போட்டா. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அது உண்மையில் கருங்காலி மரத்தின் இனம். காயில் இருக்கும் டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தத் துவர்ப்பு, வாய் கட்டுவது எல்லாம். பளிச்சென்ற பச்சை மங்கி, காம்படி இதழ்கள் லேசாக மேலே தூக்கும்போது பறித்து வெளியிலேயே வையுங்கள். பல நாள் கல் மாதிரி கிடந்துவிட்டுத் திடீரென்று குழைந்துவிடும். விரல் வைத்தால் உள்ளே அமுங்க வேண்டும், அழுகிவிட்டதோ என்று சந்தேகம் வர வேண்டும், அதுதான் பதம். உள்ளே கரும்பழுப்பாகச் சாக்லேட் கூழைப் போல இருக்கும், ஆனால் சாக்லேட் சுவையை எதிர்பார்க்காதீர்கள். மெல்லிய இனிப்புதான், எனக்கு அது தனியாகக் கொஞ்சம் சப்பென்றுதான் தோன்றும், எலுமிச்சை பிழிந்தால் எழுந்துகொள்ளும்.

மான்ஸ்டெராவில் குத்தியவை கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் கண்ணுக்குத் தெரியாத படிக ஊசிகள். கொடியில் முதிரவே ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும் பழம் அது, அவசரப்பட்டு ஆகாது. காகிதத்தில் சுற்றி நிற்க வையுங்கள். காம்புப் பக்கத்திலிருந்து மேல்செதில்கள் தானாக உதிரும், உதிர்ந்த இடத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு மீதியை அடுத்தடுத்த நாட்களுக்கு விட்டுவிடுங்கள். செதிலைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் அந்த இடம் இன்னும் காய்தான். பதமாக இருந்தால் அன்னாசியும் வாழைப்பழமும் கலந்த வாசனை, காத்திருந்ததற்குக் குறையிருக்காது.

டிராகன் பழத்துக்குப் பயம் வேண்டாம். பீட்ரூட்டில் உள்ள அதே பீட்டாசயனின் நிறமிதான், சிலருக்குச் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். பழத்தை நிறுத்தி இரண்டு நாளாகியும் சிவப்பு போகவில்லை, அல்லது வலி, எரிச்சல் இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், அது ரத்தமாக இருக்கலாம். வெள்ளைச் சதை வகையில் இந்தக் குழப்பமே வராது.