பியானோ நோட்ட ஹார்ப்புல வாசிக்கணுமா? மொதல்ல கீய மாத்துங்க

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகளுக்கு பியானோ கிரேடு 5 முடிஞ்சிருக்கு, மாமா வெளிநாட்டுல இருந்து வரும்போ 34 ஸ்ட்ரிங் லீவர் ஹார்ப் (ஸ்ட்ரிங் மேல சின்ன லீவர் இருக்க சின்ன ஹார்ப்) ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு, டிசம்பர்ல கேரல் சர்வீஸுக்கு கொயர் கூட வாசிக்கணும், ஆனா கையில உள்ள பியானோ நோட்டு ஏ ஃப்ளாட் மேஜர் கீல இருக்கு, அப்படியே வாசிச்சா பாதி ஸ்வரம் கெடைக்கல, கெடைச்சதும் ஒரே கொழகொழன்னு கேக்குதுன்னு.

அக்கா, பிள்ள வாசிக்கதுல ஒரு கொறையும் இல்ல, நோட்டு தான் ஹார்ப்புக்கு ஒத்து வரல. லீவர் ஹார்ப்ப பெரும்பாலும் ஈ ஃப்ளாட்ல தான் டியூன் பண்ணுவாங்க, லீவர தூக்குனா அந்த ஒரு ஸ்ட்ரிங் அரை ஸ்வரம் ஏறும், அவ்வளவுதான், அதுக்கு கீழ எறக்க வழி கெடையாது. ஏ ஃப்ளாட்டுக்கு டி ஃப்ளாட் வேணும், அது அதுல இல்ல. சி லீவர தூக்கி சமாளிக்கலாம்னு பாத்தா (சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் ஒரே ஸ்வரம் தான்) சி போயிரும். அஞ்சு டி ஸ்ட்ரிங்கையும் சாவி போட்டு எறக்கலாம் தான், ஆனா புதுசா எறக்குன ஸ்ட்ரிங் நிக்காம ஏறிட்டே இருக்கும், சர்வீஸ் நேரத்துல அந்த வம்பு வேண்டாம்.

அதனால பாட்டையே ஜி மேஜருக்கு எறக்கிருங்க. பி, ஈ, ஏ, எஃப் லீவர் எல்லாத்தையும் தூக்குனா ஜி ரெடி. கீபோர்டு தம்பி கீய மாத்துத ட்ரான்ஸ்போஸ் பட்டன்ல மைனஸ் 1, அதாவது அரை ஸ்வரம் கீழ, வச்சா முடிஞ்சு போச்சு, சோப்ரானோ பாடுதவங்களுக்கும் சந்தோசம் தான்.

நடுவுல ஒரு சி ஷார்ப் வரும்னு வைங்க, அதுக்கு முந்தின பீட்ல இடது கைய ஃப்ரீயா விட்டு எழுதணும், அந்த கை தான் லீவர தட்டும். எல்லா சி லீவரையும் தூக்காண்டாம், அந்த ஸ்வரம் வர்ற ஆக்டேவ்ல மட்டும் போதும். (பெரிய பெடல் ஹார்ப்புல இது நேர் எதிர், ஒரு பெடல மிதிச்சா கிட்டத்தட்ட எல்லா சி-யும் சேந்து மாறும்.) தட்ட வேண்டிய எடத்த பென்சில்ல குறிச்சி வைங்க.

இனி அந்த கொழகொழ. பியானோல வெரல எடுத்தா சத்தம் நிக்கும், ஹார்ப்புல நிக்காது, கீழ உள்ள ஸ்ட்ரிங் ரொம்ப நேரம் முழங்கும். அதனால இடது கையில உள்ள மூணு ஸ்வர கார்ட அப்படியே வாசிக்கப்பிடாது. ஜி, பி, டி-ன்னு நெருக்கமா இருந்தா நடுவுல உள்ள பி-ய தூக்கி ஒரு ஆக்டேவ் மேல வைங்க, ஜி, டி, மேல பி. பியானோல இவ்வளவு தூரம் சின்ன கைக்கு எட்டாது, ஹார்ப்புல ஸ்ட்ரிங் நெருக்கமா இருக்கதால எட்டும். கார்ட் மாறும்போ இடது உள்ளங்கைய கீழ் ஸ்ட்ரிங்ல லேசா வச்சு அமத்திட்டு அடுத்தத வாசிக்கணும். இந்த மாதிரி ஹார்ப்புல பொதுவா நடு சி-க்கு ரெண்டு ஆக்டேவ் கீழ உள்ள சி தான் கடைசி, அதுக்கும் கீழ வர்ற பேஸ மேல ஏத்திருங்க.

சுண்டு வெரல் ஹார்ப்புல கெடையாது, கைக்கு நாலு தான். எந்த ஸ்வரத்துக்கு எந்த வெரல்னு எழுதுன பழைய ஃபிங்கரிங்க அழிச்சிட்டு புதுசா எழுதுங்க. ஒரே கார்ட தடதடன்னு திருப்பி அடிக்குத எடமெல்லாம் ஒவ்வொரு ஸ்வரமா பிரிச்சி வாசிக்கட்டும், முழங்கிட்டிருக்க ஸ்ட்ரிங்ல வெரல் பட்டா கிர்ர்னு ஒரு சத்தம் வரும், மைக்ல அது நல்லாவே கேக்கும்.

அப்புறம் நம்ம ஊர் டிசம்பர் ஈரத்துக்கு சுருதி நகரும். வீட்டுல டியூன் பண்ணுனா காணாது, கோவில்ல கொண்டு வச்சு கொஞ்ச நேரம் கழிச்சி, லீவர் எல்லாத்தையும் எறக்கிட்டு இன்னொரு தடவ பாத்துக்கிடுங்க.