பவளத்தொட்டியில் பாசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கும், 200 லிட்டர் கொள்ளும் பவளத்தொட்டி ஒன்றை 9 மாதங்களாக வைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய் 5 நாள் கழித்துத் திரும்பியதிலிருந்து, கற்களின் மேல் பச்சை மயிர்ப்பாசி புல் முளைத்ததுபோல் படர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் அந்த நாள்களில் மீன்களுக்குத் தீனி போட்டார். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டியில் பாஸ்பேட் பூஜ்யம் என்றே காட்டுகிறது. நீர் சூடாகாமலிருக்க மின்விசிறி வைத்திருக்கிறேன். ஆவியாகிப்போகும் நீருக்கு ஈடாகக் குழாய்நீர் ஊற்றுகிறேன். குழாய்நீரால் வந்த வினை என்கிறார் கடைக்காரர். பாஸ்பேட்டே இல்லாத நீரில் பாசி எப்படி வளர்கிறது?
— ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் சோதனைப் பெட்டி அளப்பது, நீங்கள் நீரை எடுத்த அந்த நேரத்தில் தொட்டியில் கரைந்து நிற்கும் பாஸ்பேட்டை மட்டுமே, பாசி உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டது அந்தக் கணக்கில் வராது. மாதக் கடைசியில் சட்டைப்பை காலியாக இருக்கிறது என்பதற்காக, அந்த வீட்டுக்குச் சம்பளமே வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் தொட்டியிலும் வரவு இருக்கிறது. வந்த வேகத்திலேயே பாசி அதை எடுத்துக்கொள்வதால் கையிருப்பு பூஜ்யமாகத் தெரிகிறது.

அந்த வரவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உலர்ந்த செதில் தீனியின் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 30 மில்லிகிராம். மீனின் உடம்பில் ஒரு சிறு பங்கு தங்கினாலும், மிச்சமெல்லாம் கழிவாகவும் தின்னப்படாத துணுக்காகவும் நீருக்கே திரும்புகிறது. 200 லிட்டர் நீரில் 30 மில்லிகிராம் என்பது 0.15 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். இயற்கையான பவளப்பாறைக் கடல்நீரில் பாஸ்பேட் 0.02 பிபிஎம் அளவிலோ அதற்கும் கீழேயோதான் இருக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு 1 கிராம் போடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் தீனி, கடலில் இருப்பதைப்போல் 7 மடங்குக்கு மேற்பட்ட பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு தொட்டிக்குள் இறங்குகிறது.

இனிக் குழாய்நீரின் கணக்கு. கோலாலம்பூர் வெக்கையில் மின்விசிறி சுழலும் திறந்த தொட்டியிலிருந்து நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்றும், ஊற்றும் நீரில் 0.1 பிபிஎம் பாஸ்பேட் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சேர்வது 0.4 மில்லிகிராம். தீனி கொண்டுவரும் 30 மில்லிகிராமுக்கு முன்னால் இது எம்மாத்திரம்? ஆகவே பாஸ்பேட்டைப் பொறுத்தவரை குழாய்நீரை முதல் குற்றவாளியாக்குவது பொருந்தாது. ஆனாலும் குழாய்நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள் என்றே நானும் சொல்வேன். நீர் மட்டுமே ஆவியாகும், அதில் கரைந்திருப்பது ஆவியாகாது. மாதத்துக்கு 120 லிட்டர் வீதம் ஊற்றும்போது சிலிக்கேட் சேர்ந்து பழுப்புப் பாசிக்கு இடம் கொடுக்கும், செப்புக் குழாய் வழியாக வரும் நீரானால் செம்பு சேர்ந்து, பாசியை மேய்வதற்காகத் தொட்டியில் விடும் நத்தைகளைக் கொன்றுவிடும். நுண்சவ்வு வழியாக நீரை வடிக்கும் ஆர்ஓ வடிகட்டியும் அதன் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குடுவையும் பொருத்தி, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரையே ஊற்றுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை நொந்துகொள்ள வேண்டாம். ஒரு சிட்டிகை என்று நாம் சொல்லிவிட்டுப் போகிறோம். சிட்டிகை விரலுக்கு விரல் மாறுகிறது. நகை நிறுக்கும் சிறு தராசு ஒன்றில் என் சிட்டிகையையும் என் மனைவியின் சிட்டிகையையும் நிறுத்துப் பார்த்தபோது அவருடையது என்னுடையதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. மீன்கள் ஏன் அவரைக் கண்டால் மட்டும் கண்ணாடி ஓரம் கூடுகின்றன என்பது அன்றுதான் விளங்கியது. அடுத்த முறை வெளியூர் போகும்போது, நாளுக்கு ஒன்றாகத் தீனியை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

இப்போதிருக்கும் பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதில் குறுக்குவழி தேடி மருந்து ஊற்றியோ, நாள்கணக்கில் விளக்கை அணைத்தோ பாசியைத் தொட்டிக்குள்ளேயே சாகடித்தால், அது அழுகி, விழுங்கிய பாஸ்பேட்டை மறுபடியும் நீரிலேயே கக்கிவிடும். வெளியே எடுக்க முடிந்த கற்களை, தொட்டியிலிருந்து இறைத்த உப்புநீர் நிரப்பிய வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வேர்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தேய்த்தால் பாசி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும்; வாளிநீர் கீரைச்சாறு போலாகிவிடும். அந்த நீரைத் தொட்டிக்குத் திருப்பாமல் கீழே கொட்டிவிடுங்கள், ஏனென்றால் ஒரு மாதத் தீனியின் பாஸ்பேட் அதில்தான் இருக்கிறது. அசைக்க முடியாத கற்களில், நீர் மாற்றும் நாளன்று குழாயின் வாயைப் பாசிக்கு அருகில் பிடித்துக்கொண்டு, பிய்க்கப் பிய்க்க உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

நத்தைகளின் முறை அதற்குப் பின்னால்தான் வருகிறது. நீண்டு வளர்ந்த மயிர்ப்பாசியை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. தேய்த்த இடத்தில் மறுபடி துளிர்க்கும் குட்டைப் பாசியையே மேயும். கவிழ்ந்து விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் ட்ரோக்கஸ் வகையை வாங்குங்கள். வேலைக்குப் போகும் வீட்டில், கவிழ்ந்த நத்தையை நிமிர்த்திவிட ஆள் கிடையாது.

கேள்வி: பாஸ்பேட்டை அளக்க என்னிடமுள்ள ஹன்னா மின்னணு நிறமானி 33 என்று காட்டுகிறது. அதே நீரை நண்பர் தம்முடைய கருவியில் வைத்துப் பார்த்தபோது 0.10 என்று வந்தது. 33 பிபிபி என்றால் 0.033 பிபிஎம்தானே? யாருடைய கருவி பழுது?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கின்றன. உங்களுடையது ஹெச்ஐ736 என்ற மாதிரியாக இருக்க வேண்டும். அது காட்டுவது பாஸ்பேட்டை அன்று, பாஸ்பரஸை. பாஸ்பரஸ் அணுவின் நிறை 31, நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்த பாஸ்பேட்டின் நிறை 95 என்பதால், அந்த எண்ணை 3.066 ஆல் பெருக்க வேண்டும். 33 ஐப் பெருக்கினால் 101 பிபிபி, அதாவது நண்பரின் 0.10 பிபிஎம். இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு, தம் தொட்டியில் பாஸ்பேட் குறைவு என்று மாதக்கணக்கில் நம்பியிருந்தவர்களை நான் அறிவேன். அளக்கும்போது புட்டியின் வெளிப்புறத்தில் விரல்ரேகை இல்லாமல் மென்துணியால் துடைத்துவிடுங்கள். பொடியைக் கலக்கிய பின் உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்களும் அளவைக் கூட்டிக் காட்டும். அந்தக் கருவிக்கே 5 பிபிபி முன்பின் உண்டு என்பதால், இன்று 33, நாளை 30 என்றால் குறைந்துவிட்டதாக மகிழ வேண்டாம்.

கேள்வி: என் தொட்டியில் பாஸ்பேட் 0.3 பிபிஎம். பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ மணிகள் வாங்கினேன். பொட்டலத்தில் குறித்த அளவை ஒரே தடவையில் போட்டு, ஒரு வாரத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாமா?
— ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: வேண்டாம், அம்மா. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதேபோல் அவசரப்பட்டு, துருமணல் போலிருக்கும் அந்த இரும்பு ஆக்சைடு மணிகளை முழு அளவும் ஒரே நாளில் வடிகுடுவையில் போட்டேன். 5 நாளில் கருவி பூஜ்யம் காட்டியது. வீட்டில் அனைவரிடமும் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். எட்டாம் நாள் அக்ரோபோரா பவளத்தின் அடிப்பகுதியிலிருந்து சதை உரிந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது. அடுத்த மாதம், மணல் மேல் பழுப்பு நிறத்தில் மூக்குச்சளி போல் ஒன்று இழையிழையாகக் கிளம்பியது. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ், இரவில் குறைந்து பகலில் திரண்டுவிடும். அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் நுண்ணுயிர். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அறவே இல்லாமல் போகும்போது போட்டியிடும் மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் மெலிந்துவிடுவதால், இதற்கு வழி திறந்துவிடுகிறது. இதில் ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற இனங்கள் நஞ்சுடையவை. என் நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மயிர்ப்பாசியே தேவலாம் என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். அது மிகுந்தால் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவது தடைப்படும். அறவே இல்லாவிட்டால் பவளம் பட்டினி கிடக்கும். 0.03 முதல் 0.1 வரை பாஸ்பேட்டும், கூடவே 5 முதல் 10 பிபிஎம் வரை நைட்ரேட்டும் இருந்தால் போதும் என்பது என் கொள்கை. பொட்டலத்தில் குறித்த அளவில் கால் பங்கோடு தொடங்கி, 3 நாளுக்கு ஒரு முறை அளந்து, 0.3 ஐ 0.1 க்குக் கொண்டுவர 2 மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று உங்களைக் குழப்பும். கருவி 0.1 காட்டிய மகிழ்ச்சியில் மணிகளை எடுத்துவிட்டால், 10 நாளில் எண் மறுபடி ஏறி நிற்கும். உங்கள் கற்களும் மணலும் கால்சியம் கார்பனேட் ஆனவை. நீரில் பாஸ்பேட் மிகுந்திருந்த காலமெல்லாம் அதைத் தம் மேற்பரப்பில் பிடித்து வைத்திருந்தவை, நீரில் அளவு குறையக் குறையப் பிடியைத் தளர்த்துகின்றன. பழைய பாக்கி தீரும்வரை இந்த ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

மலிவானது என்று லாந்தனம் குளோரைடு பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்பொடியாகப் படியும் அதை நேராகத் தொட்டியில் ஊற்றினால் நீர் கலங்கும், மீன்களின் செவுள்களுக்கும் நல்லதன்று. 10 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிபையின் வாயில் சொட்டுச் சொட்டாக விடும் பொறுமை உள்ளவர்களுக்கே அது ஏற்றது. வோட்காவோ வினிகரோ ஊற்றிப் பாக்டீரியாவை வளர்க்கும் முறை, நீரை நுரைக்கவைத்துக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் வலுவாக இல்லாத தொட்டிக்கு ஆகாது. நம் ஊரில் சில்லர் என்னும் நீர்க்குளிரூட்டி இல்லாமல் நீர் 29 பாகை தொட்டுவிடும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, பெருகும் பாக்டீரியா மிச்சத்தையும் குடித்துவிடும்.

கேள்வி: பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் கடல்நீர் இலவசமாகக் கிடைக்கும்போது உப்புப் பொடி எதற்கு? புலாவ் பாயாருக்குப் போகும்போது இரண்டு கற்களும் எடுத்து வரலாமா?
— ஒரு மாணவர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பினாங்குக் கரையோர நீர் ஆறுகளும் கால்வாய்களும் கலக்கும் கலங்கல் நீர், இலவசமாகக் கிடைப்பதில் சேறும் பாஸ்பேட்டும் அடக்கம். புலாவ் பாயார் கடல்சார் பூங்கா. அங்கே பவளத்தை எடுப்பது 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மணல் மேல் செந்நிறத்தில் துணி விரித்ததுபோல் ஒரு பாசி. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.12. என்ன செய்வது?
— ஒரு வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பாசி என்றே அழைத்தாலும் அது சயனோபாக்டீரியா. அவற்றில் சில வகைகள் நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ள வல்லவை என்பதால், நைட்ரேட் இல்லாமல் பாஸ்பேட் மட்டும் இருக்கும் உங்கள் தொட்டி அவற்றுக்கு வாய்ப்பாகிவிட்டது. மேலும் நைட்ரேட்டைக் குறைக்கும் எதையும் இப்போது செய்யாதீர்கள். காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய குழாயால் ஓரத்திலிருந்து உறிஞ்சினால், காய்ச்சிய பாலின் ஆடை போல் முழுசாக உரிந்து வரும். மறுநாள் மாலை விளக்கு அணையும் முன் பாருங்கள். அதே மூலையில் மட்டும் மறுபடி படர்ந்திருந்தால், அங்கே நீரோட்டம் எட்டவில்லை. பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்.