டி.என்.ஏ.வில் அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு மூலக்கூறு டி.என்.ஏ.வில் பிணைந்துவிட்டாலே அந்த மரபணு அடங்கிவிடுமா, ஐயா?

பதில்: அடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது எங்கே அமர்கிறது, அங்கே எந்தப் புரதத்துக்கு இடமில்லாமல் செய்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். பாலிஅமைடு (குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையில் பிணையும்படி வளையங்களைக் கோத்துச் செய்த சிறு மூலக்கூறு) ஒன்று மரபணுவின் நடுப்பகுதியில் அமர்ந்தால், மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தபடி நகர்ந்து வரும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி பெரும்பாலும் அதை விலக்கிவிட்டுப் போய்விடும். ஆகவேதான், படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் புரதங்களான படியெடுப்புக் காரணிகள் வந்து பிணையும் புரோமோட்டர் பகுதியைக் குறிவைக்கிறார்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு: டி.என்.ஏ. முறுக்கின் மேல் ஓடும் இரு பள்ளங்களில் பாலிஅமைடு அமர்வது குறுகலான சிறுபள்ளத்தில்; அகன்ற பெரும்பள்ளத்தை மட்டும் பற்றும் சில புரதங்கள் அதைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைத் தொடர்கின்றன.

கேள்வி: பாலிஅமைடு டி.என்.ஏ.வின் கார வரிசையை எப்படி அடையாளம் காண்கிறது?

பதில்: பாலிஅமைடுகளுக்கு முன்மாதிரியான, இயற்கையில் கிடைக்கும் டிஸ்டமைசின், அடினைன்-தைமின் மிகுந்த இடங்களின் சிறுபள்ளத்தில் பொருந்துகிறது; அதன் இரண்டு மூலக்கூறுகள் ஒரே பள்ளத்தில் அருகருகே படுக்கவும் முடியும் என்று தெரியவந்ததே பெரிய திருப்பம். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பீட்டர் டெர்வன் குழுவினர் இதை ஒரு விதித்தொகுப்பாகவே வளர்த்தெடுத்தனர்: பாலிஅமைடில் எதிரெதிரே அமையும் வளையங்களில் இமிடசோலும் பிர்ரோலும் (இரண்டும் நைட்ரஜன் கொண்ட ஐந்தணு வளையங்கள்) இணைந்தால் குவானைன்-சைட்டோசின் இணையையும், அதே ஜோடி இடம் மாறினால் சைட்டோசின்-குவானைன் இணையையும், இரண்டும் பிர்ரோலாக இருந்தால் அடினைன்-தைமின் இணையை எத்திசையிலும் அவை தேர்ந்துகொள்கின்றன. 1997-இல் இக்குழுவினரும் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஜோயல் காட்டெஸ்ஃபெல்டு குழுவினரும் இணைந்து, தவளை உயிரணுக்களில், ரைபோசோமின் ஓர் உறுப்பான 5எஸ் ஆர்.என்.ஏ.வின் மரபணுப் படியெடுத்தலை இத்தகைய பாலிஅமைடால் தடுத்துக் காட்டினர். அங்கே வெளியேற்றப்பட்ட படியெடுப்புக் காரணியின் ஒரு துத்தநாக விரல் (துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்து டி.என்.ஏ.வைப் பற்றும் புரதப் பகுதி) சிறுபள்ளத்தையொட்டி அமைந்திருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்; இலக்கு அவ்வளவு பொருத்தமாக வாய்த்திருந்தது.

கேள்வி: அப்படியானால் ஒரே ஒரு மரபணுவை மட்டும் அணைத்துவிடலாமா?

பதில்: கணக்கு இடம் கொடுக்காது. ஆறு கார இணைகளைப் படிக்கும் மூலக்கூறுக்கு, ஏறத்தாழ 300 கோடி இணைகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் தற்செயலாகவே சுமார் 15 லட்சம் இடங்கள் கிடைக்கும். தனித்த ஓர் இடத்தைச் சுட்டப் பதினாறு இணைகளாவது தேவை. அவ்வளவு நீண்ட மூலக்கூறு உயிரணுவுக்குள் நுழைவதே கடினம்.

கேள்வி: ஆக்டினோமைசின் டி இதே வகையா?

பதில்: இல்லை. அது காரங்களுக்கிடையே செருகிக்கொண்டு, ஓடும் பாலிமரேஸையே நிறுத்துகிறது. வரிசைத் தேர்வும் குறைவு. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டிக்கு மருந்தாக அது பயன்படுகிறது.

கேள்வி: பாலிஅமைடு கொடுத்தபின் எங்கள் இலக்கு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. பாதியாகக் குறைந்தது. தடை உறுதியானதாகக் கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு வளையத்தை மாற்றி, இலக்கோடு பொருந்தாதபடி செய்த மூலக்கூறையும் அதே செறிவில் கொடுத்துப் பாருங்கள், அதிலும் ஆர்.என்.ஏ. குறைந்தால் நீங்கள் கண்டது நச்சு விளைவாகவே இருக்கலாம். பிறகு, அந்தக் காரணி உண்மையிலேயே புரோமோட்டரை விட்டு விலகியதா என்பதைக் குரோமாட்டின் எதிர்ப்புரத வீழ்படிவு முறையில் (ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எங்கே பிணைந்திருக்கிறது என்று காட்டும் சோதனை) உயிரணுக்களிலேயே சோதியுங்கள். பிணைந்த மூலக்கூறு டி.என்.ஏ.வில் மறைக்கும் இடத்தைக் காட்டும், சோதனைக்குழாயில் எடுத்த டி.என்.ஏ. தடயப்பதிவு மட்டும் இதற்குப் போதாது.