இரவு எட்டரைக்கு வருகிற ‘டிங்’: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கொரியப் பாட்டுக்குழுக்களைப் பற்றியவை. அதனால் முடி கொட்டுவது, மாமியார், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் உயர்தரம் படிக்கிறேன். பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக்குழு ஆட்கள் போடுகிற எல்லாவற்றுக்கும் போனில் நோட்டிபிகேசன் போட்டு வைத்திருக்கிறேன். ‘டிங்’ என்றால் புத்தகத்தை மூடிவிடுவேன். அதைவிட மோசம், ஒருவர் இரண்டு கிழமை ஒன்றும் போடாவிட்டால் நான் ஏதோ பிழை விட்ட மாதிரி மனசுக்குள் ஒரு இது. அண்ணா ‘விசரி’ என்கிறான். எனக்கு விசரா?
— பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: விசர் இல்லை, தங்கச்சி. கிரிக்கெட் மட்ச் நாளில் தான் டிவிக்கு முன்னால் எப்படி இருப்பேன் என்பதை அண்ணா ஒருக்கால் யோசித்துப் பார்க்கட்டும்.

முதலில் அந்த ‘டிங்’கைப் பார்ப்போம். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு 12 என்றால் திருகோணமலையில் இரவு 8.30. பிறந்தநாள் வாழ்த்து, டீசர் படம், அறிவிப்பு என்று பலதை அங்கே நாள் மாறுகிற அந்த நிமிடத்துக்குத்தான் விடுவார்கள், அதாவது சரியாக நீங்கள் சாப்பாட்டுக்கு முன் ஒரு பாடம் பார்த்து முடிக்கலாம் என்று குந்துகிற நேரத்துக்கு. புதுப் பாட்டு அங்கே மதியம் 1 மணிக்கு வந்தால் நமக்குக் காலை 9.30, நீங்கள் வகுப்பில். ஆகவே பெரிய விசயம் எது, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தெரியும். மற்ற ‘டிங்’ எல்லாம் யாரோ ஒருவர் தான் குடித்த கோப்பியைப் படம் எடுத்தது. கோப்பி ஒன்பதரைக்கும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, அந்த மௌனம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போட்டு வாட்டுவது ‘டிங்’ இல்லை, ‘டிங்’ வராததுதான். 2013 ஜூனில் அறிமுகமான ஏழு பேர் குழு இது. டுவிட்டரில் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, குடும்பத்துக்கு ஒரு போன் இருந்த மாதிரி. ஆளுக்கொரு இன்ஸ்டகிராம் கணக்குத் திறந்தது 2021 டிசம்பர் 6 அன்று. அன்றைக்கு அவர்களில் வி என்பவருடைய கணக்கில் 43 நிமிடத்தில் பத்து இலட்சம் பேர் சேர்ந்தார்கள், கின்னஸ் சாதனையாகவே பதிந்தார்கள். நம் பெரிய கோவில் தேருக்கு வருகிற சனத்தை நினைத்துப் பாருங்கள், அது எத்தனை மடங்கு? இவ்வளவு பேர் வாசலில் நிற்கிற வீட்டில் ஒருவர் கதவைச் சாத்தினால் அது உங்கள் முகத்தில் சாத்தியதா?

2023 பெப்ரவரியில் ஏழு பேரில் இன்னொருவரான ஜங்குக் தன் கணக்கையே அழித்துவிட்டார். என் மருமகள் அன்று இரவு சாப்பிடவில்லை. யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள், கம்பனியோடு சண்டை, மனசு சரியில்லை என்று வட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு கதை. அவரே வந்து சொன்ன காரணம்: ஹேக் ஒன்றும் இல்லை, பாவிப்பதில்லை, அழித்தேன். அவ்வளவுதான்! 2022 டிசம்பரிலிருந்து ஒவ்வொருவராகக் கட்டாய இராணுவ சேவைக்கும் போனார்கள். தரைப்படை என்றால் 18 மாதம். முகாமில் இருந்தவர் நம் ஆவலைப் பார்த்தா போன் எடுத்திருக்க முடியும்?

ஒருநாள் பின்னேரம் இதே மருமகளோடு டச்சுக்குடா கடற்கரையில் குந்தியிருந்தேன். கையில் கடலைச் சரை. பிள்ளை போனில் அதே குழுவில் இருக்கிற ஜிமினுடைய படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து, பின்னால் கண்ணாடியில் தெரிவது யாருடைய தோள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று ஆறுதலாக நடந்து வந்து சரையோடு கடலையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஐந்து நிமிடம் கழித்து, “மாமி, கடலை எங்க?” என்கிறாள்.

நான் சொல்வது இதுதான். ஏழு பேருக்கும் நோட்டிபிகேசனை நிறுத்துங்கள், கணக்குகளைத் தொடர்வதை நிறுத்த வேண்டாம். இரவு ஒன்பதரையிலிருந்து பத்து வரை உங்கள் நேரம், அண்ணா வாய் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் பேசி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நாள் கை பரபரக்கும். அப்புறம் பழகிவிடும். சோதனை முடிந்த அன்று திரும்பப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: இந்தக் கொரியப் பாடகர்களுடைய பதிவுக்குக் கீழே தமிழில் எழுதினால் வாசிப்பார்களா? அவர்கள் எழுதுவதை மொழிபெயர்த்துப் பார்த்தால் சில நேரம் தலைகால் புரிவதில்லை.
— ஒரு மாணவி, கிண்ணியா

பதில்: கோடிக்கணக்கான வரிகளில் உங்கள் வரி கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம். பட்டாலும் அவர்களும் மொழிபெயர்ப்பு பட்டனைத்தான் அமத்த வேண்டும். ஆனாலும் தமிழிலேயே எழுதுங்கள், நம் எழுத்தும் அங்கே கிடக்கட்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று. கொரிய மொழியில் ‘பொகோ ஷிப்தா’ என்று எழுதுவார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பார்க்க வேண்டும் போல இருக்கிறது’. நாம் வீட்டில் பேசுவதும் அப்படியேதான். அதே வரி ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ் யூ’ ஆகிச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வரும்போது ‘நான் உன்னைத் தவறவிட்டேன்’ என்று வருகிறது, மூதூர் பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி! இன்னொன்றையும் கவனியுங்கள். கொரிய வரியில் ‘நான்’ இல்லை, ‘உன்னை’யும் இல்லை. நம்மைப் போலவே அவர்களும் அதையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். அந்த ‘உன்னை’ மெசின் போட்டது. அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் முழித்திருப்பது நாம்.

முடிந்தால் எழுத்தைப் படித்துவிடுங்கள். 15ஆம் நூற்றாண்டில் செஜோங் என்ற அரசர் செய்வித்த எழுத்து, இன்று அடிப்படையில் 24தான். 247 படித்த பிள்ளைக்கு அது ஒரு கிழமை வேலை.

கேள்வி: மகளுக்கு 15 வயது. ‘நான்தான் ஜங்குக், இது என்னுடைய ரகசிய எக்கவுன்ட், கம்பனிக்குத் தெரியாது’ என்று ஒருவன் இரண்டு மாதமாக அவளோடு கதைத்திருக்கிறான். போன கிழமை கிப்ட் கார்ட் வாங்கி நம்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறான். என் பேர்ஸிலிருந்து காசு எடுத்து வாங்கி அனுப்பிவிட்டாள். அடித்துவிட்டேன். இப்போது அவளும் பேசுவதில்லை.
— ஓர் அம்மா, பாலையூற்று

பதில்: அடித்தது பிழை. முதலில் அதைச் சரிபண்ணுங்கள். ஏமாந்த பிள்ளைக்கு வெட்கமே பெரிய அடி. இதே வலையில் வேலை பார்க்கிற, பிள்ளை பெற்ற பெரிய ஆட்களும் உலகம் முழுக்க விழுந்திருக்கிறார்கள்.

‘கம்பனிக்குத் தெரியாது’ என்கிற அந்த ஒரு வரிதான் தூண்டில். அசல் கணக்கு என்று காட்டுகிற நீல அடையாளம் ஏன் இல்லை, ஏன் வீடியோவில் வரமாட்டான், ஏன் அம்மாவிடம் சொல்லக் கூடாது, எல்லாக் கேள்விக்கும் அதுவே பதிலாகிவிடுகிறது. உண்மையான பாடகருக்கு நம்மூர்ப் பிள்ளையின் கிப்ட் கார்ட் எதற்கு? கார்ட் நம்பர் போய்விட்டால் அந்தக் காசு திரும்புவது கஷ்டம், வாங்கிய இடத்தில் உடனே சொல்லிப் பாருங்கள், அதற்கு மேல் நம்பியிருக்க வேண்டாம். ஆத்திரத்தில் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்த பிறகு அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து மறியுங்கள். மகள் படம் ஏதும் அனுப்பினாளா என்று மெதுவாகக் கேளுங்கள். அனுப்பியிருந்தால் தயங்காமல் பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். கொஞ்ச நாளில் இன்னொருவன், ‘போன காசை எடுத்துத் தருகிறேன், சின்னக் கட்டணம் கட்டுங்கள்’ என்று வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைக் கிழிக்க வேண்டாம். அந்தப் பாடகருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி: மாதாமாதம் காசு கட்டி பபிள் என்ற ஆப்பில் ஒரு கொரியப் பாடகியின் மெசேஜ் எடுக்கிறேன். என் பெயர் சொல்லி ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் அதேதான் போகிறது என்கிறார்கள். உண்மையா?
— ஹோட்டல் ஊழியர், நிலாவெளி

பதில்: உண்மைதான், தம்பி. பாடகி ஒரு தடவை எழுதுகிறார், பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு அடையாளம் வைக்கிறார், அந்த இடத்தில் அவரவர் பதிந்த பெயரை ஆப் நிரப்பிவிடுகிறது. எழுதுவது அவர்தான், அது பொய்யில்லை. பெயர்தான் மெசின் போட்டது.

என் சின்னம்மா இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதிக்கொண்டே இருப்பார். விரும்பிய பாடல், கீழே குடும்பத்தில் அத்தனை பேர் பெயரும், தொட்டிலில் கிடந்த நான் உட்பட. ஒருநாள் பெயர் வாசிக்கப்பட்டால் அந்தக் கிழமை முழுக்க மத்திய வீதிச் சந்தையில் தேங்காய்க்காரர் வரை சொல்லுவார். ஆனால் அறிவிப்பாளருக்குத் தன்னைத் தெரியும் என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. இந்த ஒருபக்கப் பழக்கத்தைப் பற்றி 1956 இலேயே ஹோர்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், அப்போது டிவியே புதுசு. ஒன்றில் மட்டும் சின்னம்மா உங்களைவிடக் கொடுத்துவைத்தவர், அறிவிப்பாளர் கையில் உண்மையிலேயே அவருடைய அட்டை இருந்தது.

காசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அது டிப்ஸில் மிஞ்சுவதா, வீட்டுக்கு அனுப்ப வேண்டியதா? மிஞ்சுவது என்றால் சந்தோசமாக வாசியுங்கள், சாப்பிட்டேன் என்று பதிலும் போடுங்கள். இரண்டாவது பாடகிக்கும் கட்டப் போகிறேன் என்றால் மட்டும் எனக்கு முதலில் ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே, பி.டி.எஸ். ஏழு பேரில் நீங்கள் யார் பக்கம்?
— மூன்று தோழிகள், திருக்கடலூர்

பதில்: ஜின். 2024 ஜூன் 12 அவர் இராணுவ சேவை முடிந்து வெளியே வந்தபோது, லீவில் வந்த அதே குழுவின் ஆர்.எம். நின்று சாக்ஸபோன் ஊதினார். மருமகள் அந்த வீடியோவை அனுப்பினாள். அடுப்பில் சொதி இருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துவோம் என்றுதான் பார்த்தேன். சொதி திரைந்துவிட்டது.